வெர்னர் வோஸ்: இருபது வயது ஜெர்மன் போர் விமானி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப் போரின் விமானிகள் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 'சிவப்பு பாரன்' மான்ஃப்ரெட் வான் ரிக்தோஃபன் மட்டும்தான். அவருடைய படையிலேயே அவருக்குச் சமமாகப் பேசப்பட்ட இன்னொரு பையன் இருந்தான். பையன் என்று சொல்வதில் தவறில்லை, இறக்கும்போது அவருக்கு வயது இருபதரைகூட ஆகவில்லை. அவரைப் பற்றித் தமிழில் படிக்க அதிகம் இல்லை என்பதால் இந்தக் கேள்வி பதில்.

யார் இந்த வெர்னர் வோஸ்?

ஜெர்மன் போர் விமானி. 1916 நவம்பர் முதல் 1917 செப்டம்பர் வரை, பத்தே மாதங்களில், 48 எதிரி விமானங்களை வீழ்த்தியதாக அதிகாரபூர்வமாகப் பதிவானவர். ஜெர்மன் பட்டியலில் ரிக்தோஃபன் (80), எர்ன்ஸ்ட் ஊடெட் (62), எரிக் லோவன்ஹார்ட் (54) ஆகிய மூவர்தான் அவருக்கு மேலே இருக்கிறார்கள். அவர்களில் ஊடெட்டும் லோவன்ஹார்ட்டும் 1918இலும் பறந்து எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டவர்கள். 1917 செப்டம்பரில் ஜெர்மனியில் ரிக்தோஃபனுக்கு அடுத்த இடம் வோஸுக்குத்தான்.

எங்கே பிறந்தார்? குடும்பம் எப்படிப்பட்டது?

1897 ஏப்ரல் 13, கிரேஃபெல்ட். ரைன் நதிக்கு அருகே இருக்கும் இந்த ஊர் பட்டு நெசவுக்குப் பேர்போனது. அப்பா மாக்ஸ் வோஸ் சாயப்பட்டறை வைத்திருந்தார். வெர்னர் மூத்த பிள்ளை. ஓட்டோ, மாக்ஸ் என்று இரண்டு தம்பிகள். போர் மட்டும் வராமல் இருந்திருந்தால் மூத்தவர் அப்பாவின் தொழிலைத்தான் எடுத்து நடத்தியிருப்பார், வீட்டிலும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

சின்ன வயதிலிருந்தே இயந்திரங்கள் மேல் பைத்தியம். மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். இந்தக் குணம் கடைசி வரை போகவில்லை. படைப்பிரிவுத் தலைவரான பிறகும் மெக்கானிக்குகளோடு சேர்ந்து, பதவிச் சின்னம் எதுவும் இல்லாத எண்ணெய்க்கறை படிந்த சட்டையில், தன் விமானத்தைத் தானே பிரித்து மாட்டிக்கொண்டிருப்பார். ஆனால் பறக்கக் கிளம்பும்போது உள்ளே பட்டுச் சட்டை போட்டுக்கொள்வார். எதிரியிடம் பிடிபட்டால் பார்க்க நன்றாக இருக்க வேண்டுமாம்.

குதிரைப்படை வீரர் விமானி ஆனது எப்படி?

1914 நவம்பரில், பதினேழு வயதில், வெஸ்ட்ஃபாலியாவின் 11ஆவது ஹுஸார் குதிரைப்படையில் சேர்ந்தார். அனுப்பப்பட்டது கிழக்குப் போர்முனைக்கு, ரஷ்யர்களுக்கு எதிராக. அங்கே இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவையும் வாங்கினார். அந்தக் காலத்து ஜெர்மன் விமானிகளில் குதிரைப்படையிலிருந்து வந்தவர்கள் நிறைய. ரிக்தோஃபனும் அப்படித்தான். காரணம் எளிது. இயந்திரத் துப்பாக்கியும் முள்கம்பியும் வந்தபின் குதிரைக்குப் போர்க்களத்தில் வேலையே இல்லாமல் போனது. வேவு பார்ப்பதுதான் குதிரைப்படையின் முக்கிய வேலை, அதையும் விமானம் எடுத்துக்கொண்டது.

1915 ஆகஸ்டில் வோஸ் விமானப் படைக்கு மாறினார். பயிற்சி சொந்த ஊரிலேயே, கிரேஃபெல்டின் ஏகல்ஸ்பெர்க் ஓடுதளத்தில். செப்டம்பர் 28 அன்று முதன்முறையாகத் தனியாகப் பறந்தார். கை அவ்வளவு சுத்தமாக இருந்ததால் பயிற்சி முடிந்ததும் அவரையே பயிற்றுநராக வைத்துக்கொண்டார்கள். பதினெட்டு வயதில் மற்றவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தார். 1916 மார்ச்சில் முனைக்குப் போனார், முதலில் இரண்டு இருக்கை விமானத்தில் பார்வையாளராக, பிறகு விமானியாக. வெர்டன், சொம் என அந்த ஆண்டின் இரு பெரும் சண்டைகளையும் மேலிருந்து பார்த்தார். செப்டம்பரில் லெஃப்டினன்ட் ஆனார்.

அந்தக் காலத்தில் விமானங்கள் எப்படிச் சண்டை போட்டன?

1914இல் போர் தொடங்கியபோது விமானத்தின் வேலை வேவு பார்ப்பது மட்டும்தான். எதிரெதிரே வந்த விமானிகள் கைத்துப்பாக்கியாலும் ரைஃபிளாலும் சுட்டுக்கொண்டார்கள், பெரும்பாலும் ஒன்றும் படாது. விமானத்தை எங்கே திருப்புகிறோமோ அங்கேயே குண்டும் போக வேண்டும் என்றால் துப்பாக்கியை மூக்கில் பொருத்த வேண்டும். ஆனால் மூக்கில் சுழலி (புரொப்பெல்லர்) இருக்கிறதே, அதையே சுட்டு உடைத்துவிடுமே!

1915 ஏப்ரலில் பிரெஞ்சு விமானி ரோலான் காரோஸ் ஒரு முரட்டு வழி கண்டுபிடித்தார். சுழலியின் தகடுகளில் உலோக ஆப்புகளைப் பொருத்தி, அதில் படும் குண்டுகள் தெறித்துப் போகும்படி செய்தார். அடுத்தடுத்து ஜெர்மன் விமானங்கள் விழுந்தன. அந்த மாதமே அவர் ஜெர்மன் பகுதியில் இறங்க நேர்ந்து, விமானமும் சிக்கிக்கொண்டது.

ஜெர்மனிக்காக விமானம் கட்டிக்கொண்டிருந்த டச்சுக்காரர் ஆண்டனி ஃபோக்கரின் குழு இதைவிட நல்ல தீர்வைக் கொண்டுவந்தது. என்ஜினோடு துப்பாக்கியை இணைத்து, சுழலியின் தகடு குழல் முன்னால் இல்லாத நொடியில் மட்டும் குண்டு வெளியேறும்படி செய்தார்கள். போர் விமானம் என்ற வகையே உண்மையில் இங்கிருந்துதான் பிறந்தது என்பேன். ஒற்றை இறக்கை ஃபோக்கரில் இந்தக் கருவியோடு 1915 கோடையில் பறந்த மாக்ஸ் இம்மெல்மானும் ஓஸ்வால்ட் போல்கேவும் ஜெர்மனி முழுக்கத் தெரிந்த முகங்கள் ஆனார்கள். 1916 ஜனவரி 12 அன்று இருவருக்கும் ஒரே நாளில் 'பூர் லே மெரிட்' விருது கிடைத்தது. பிரஷ்யாவின் மிக உயர்ந்த படைவீர விருது அது. கழுத்தில் அணியும் நீலச் சிலுவை.

யாஸ்டா என்றால் என்ன? போல்கேயை ஏன் இவ்வளவு சொல்கிறார்கள்?

1916 ஆகஸ்டில் ஜெர்மனி போர் விமானங்களை மட்டும் கொண்ட தனிப் பிரிவுகளை அமைத்தது. அவைதான் யாஸ்டாக்கள், அதாவது வேட்டைப் பிரிவுகள். யாஸ்டா 2 போல்கேயின் கையில் வந்தது. சூரியனை முதுகுக்குப் பின் வைத்துக்கொள், உயரத்தைப் பிடித்துக்கொண்டு தாக்கு, மிக அருகில் போன பிறகே சுடு, எதிரி மேலே பாய்ந்தால் ஓடாமல் அவனை நோக்கியே திரும்பு, நான்கு அல்லது ஆறு பேராகச் சேர்ந்து தாக்கு. இப்படி அவர் வகுத்த விதிகளை இளைஞர்கள் மனப்பாடம் செய்தார்கள். ரிக்தோஃபன் அவர் பொறுக்கியெடுத்த மாணவர்.

40 வெற்றிகளோடு இருந்த போல்கே 1916 அக்டோபர் 28 அன்று இறந்தார். எதிரி சுடவில்லை. சண்டையின் நடுவே சக விமானி எர்வின் போமவின் விமானம் அவருடைய இறக்கையில் உரசியது. வோஸ் யாஸ்டா 2இல் சேர்ந்தது நவம்பர் 21 அன்று. குரு போய் நான்கு வாரம்கூட முடிந்திருக்கவில்லை. போல்கேயின் பள்ளியில் படித்தும் போல்கேயிடம் நேரடியாகப் படிக்காதவர் வோஸ், இதைப் பின்னால் வரும் பதில்களுக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வெற்றி எப்போது?

சேர்ந்த ஆறாம் நாள், 1916 நவம்பர் 27. ஒன்றல்ல, இரண்டு. அதன்பின் குளிர்காலத்தில் கொஞ்சம் மந்தம். 1917 பிப்ரவரியிலிருந்து அடைமழை. ஏப்ரல் 6 வரும்போது கணக்கு 24. ஏப்ரல் 8 அன்று பூர் லே மெரிட் வந்தது, கூடவே விடுமுறையும்.

அந்த விடுமுறை அவருடைய கணக்கை எவ்வளவு பாதித்தது என்று பலர் கவனிப்பதில்லை. பிரிட்டிஷார் 'ரத்த ஏப்ரல்' என்று சொல்லும் மாதம் அது. அவர்கள் 245 விமானங்களை இழந்தார்கள். ரிக்தோஃபன் அந்த ஒரு மாதத்தில் மட்டும் 21 விமானங்களை வீழ்த்தினார். வோஸ் மே 5 வரை வீட்டில் இருந்தார். திரும்பி வந்தவர் மே 9 அன்று ஒரே நாளில் மூன்று விமானங்களை வீழ்த்தி 28ஐ எட்டினார்.

இந்த எண்ணிக்கையை நம்பலாமா?

மற்ற நாடுகளைவிட ஜெர்மன் கணக்கைக் கொஞ்சம் கூடுதலாகவே நம்பலாம். ஒரு விமானம் விழுந்தால் ஒரே ஒருவருக்குத்தான் கணக்கு, பங்கு கிடையாது. சாட்சி வேண்டும், சிதைவு கிடைத்தால் இன்னும் நல்லது. 'கட்டுப்பாடிழந்து கீழே போனது' என்பதையும் பிரிட்டிஷார் வெற்றியாகச் சேர்த்தார்கள், ஜெர்மானியர்கள் சேர்க்கவில்லை. இன்னொரு வசதியும் அவர்களுக்கு இருந்தது. பிரிட்டிஷ் படை எப்போதும் எல்லை தாண்டி வந்து பறந்ததால் சண்டைகள் பெரும்பாலும் ஜெர்மன் பக்கத்து வானில் நடந்தன, விழுந்ததும் அங்கேயே விழுந்தது.

ஆனால் யாரை வீழ்த்தினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1917 தொடக்கத்தில் வோஸ் ஓட்டிய அல்பட்ரோஸ் டி.3 மணிக்கு சுமார் 170 கிலோமீட்டர் போகும், இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள். எதிரே வந்தவற்றில் பல பி.இ.2 போன்ற பழைய இரண்டு இருக்கை விமானங்கள், வேகம் 115 கிலோமீட்டர் அளவில். பார்வையாளர் முன்னிருக்கையில், இறக்கைக் கம்பிகளுக்கு நடுவே அடைபட்டு உட்கார்ந்திருப்பார், துப்பாக்கியைச் சரியாகத் திருப்பக்கூட முடியாது. அவர்கள் வேலை படம் எடுப்பதும் பீரங்கிக்கு வழிகாட்டுவதும்தான். அந்த வேலையைத் தடுப்பதுதான் போர் விமானியின் கடமை என்பதால் இதைக் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 48 என்ற எண்ணை 48 வாள்சண்டைகளாகக் கற்பனை செய்துகொள்வது இறந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். வீழ்ந்தவர்களிலும் பெரும்பாலோர் இருபதைத் தாண்டியும் தாண்டாத பிள்ளைகள்தான்.

அவர் விமானத்தில் ஸ்வஸ்திகா இருக்கிறதே, நாஜியா?

இல்லை. படங்களைப் பார்க்கும் எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. அல்பட்ரோஸின் பக்கவாட்டில் ஒரு சிவப்பு இதயம், மாலைக்குள் ஒரு வெள்ளை ஸ்வஸ்திகா வரைந்திருந்தார்கள். அப்போது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது அதிர்ஷ்டச் சின்னம். வாழ்த்து அட்டையில் போடுவார்கள், வேறு நாட்டு விமானிகளும் வரைந்துகொண்டார்கள். நாஜிக் கட்சி அதை எடுத்துக்கொண்டது 1920இல். வோஸ் இறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு.

மேலதிகாரியையே எதிர்த்தார் என்பது உண்மையா?

உண்மை. யாஸ்டா 2இன் தலைவராக ஃபிரான்ஸ் வால்ஸ் வந்திருந்தார். வயதில் மூத்தவர், இரண்டு இருக்கை விமானங்களில் நீண்ட காலம் உழைத்து அலுத்தவர். அவர் தலைமை போதாது, போரில் களைத்துப்போய்விட்டார் என்று வோஸும் இன்னொரு விமானியும் அவரைத் தாண்டி மேலிடத்தில் சொன்னார்கள். ஜெர்மன் படையில் இதைவிடப் பெரிய குற்றம் சிலதான் உண்டு. வயதையும் சாதனையையும் பார்த்துக் கண்டிப்போடு விட்டு, வோஸை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள்.

என் பார்வையில் வோஸ் இங்கே அவசரப்பட்டுவிட்டார். வால்ஸ் பின்னாளில் பாலஸ்தீன முனையில் ஒரு பிரிவைத் திறமையாக நடத்தி அவரும் பூர் லே மெரிட் வாங்கினார். இருபது வயதில் நாற்பது விமானச் சண்டைகளைப் பார்த்துவிட்ட ஒருவருக்கு மற்றவர்களின் சோர்வு புரியாமல் போவது ஆச்சரியமில்லை.

வோஸ் நல்ல தலைவரா?

நல்ல சண்டைக்காரர். தலைவர் என்று சொல்வது கடினம். 1917 மே 20 முதல் யாஸ்டா 5, பிறகு 29, 14 என்று சில வாரங்களுக்கு ஒரு பிரிவாகத் தூக்கிப் போட்டார்கள். ஜூலை 31 முதல் யாஸ்டா 10. அலுவலக வேலை, அறிக்கை, கடிதம் எதுவும் அவருக்குப் பிடிக்காது. எர்ன்ஸ்ட் வைகாண்ட் என்ற அதிகாரிதான் அதையெல்லாம் பார்த்துக்கொண்டார்.

வானத்திலும் அப்படித்தான். பிரிவோடு கிளம்புவார், ஒரு இலக்கைக் கண்டதும் தனியாகப் போய்விடுவார். ரிக்தோஃபன் தன் ஆட்களைத் தன்னோடு கட்டிவைத்துக்கொண்டு பறந்தார், புதியவர்களை முதலில் ஓரமாக நின்று கவனிக்கச் சொன்னார். போல்கேயிடம் அவர் கற்றது அது. வோஸின் மனதில் சண்டை என்பது தனக்கும் எதிரிக்கும் இடையில் மட்டும் நடப்பது. 1915இல் எல்லோரும் அப்படித்தான் பறந்தார்கள். 1917 இலையுதிர்காலத்தில் வானம் மாறிவிட்டது, இரு தரப்பும் கூட்டமாக வந்தன. பிரிட்டனின் ஆல்பர்ட் பால் என்ற தனிப்பறவை, 44 வெற்றிகள், மே 7 அன்று இருபது வயதில் இறந்தார். பிரான்ஸின் ஜார்ஜ் கினமேர், 53 வெற்றிகள், செப்டம்பர் 11 அன்று பெல்ஜியத்தின் பூல்கபெல்லே பகுதியில் காணாமல் போனார். பன்னிரண்டு நாள் கழித்து அதே பூல்கபெல்லே வானில்தான் வோஸின் கடைசிச் சண்டை.

ரிக்தோஃபனும் வோஸும் போட்டியாளர்களா, நண்பர்களா?

இரண்டும். யாஸ்டா 2இல் ஒன்றாக இருந்தார்கள். குடும்பப் பின்னணி ஒட்டவே ஒட்டாது. அவர் பிரபு, இவர் சாயப்பட்டறைக்காரர் மகன். ஆனாலும் ரிக்தோஃபன் கிரேஃபெல்டில் வோஸின் வீட்டுக்கே வந்து தங்கியிருக்கிறார். 1917 ஜூனில் நான்கு யாஸ்டாக்களைச் சேர்த்து ரிக்தோஃபன் தலைமையில் ஒரு பெரும்படை அமைத்தார்கள். வண்ணவண்ண விமானங்களோடு முனை முனையாக இடம் மாறியதால் எதிரிகள் அதைப் 'பறக்கும் சர்க்கஸ்' என்றார்கள். அதில் யாஸ்டா 10க்கு வோஸைக் கேட்டு வாங்கியவர் ரிக்தோஃபனேதான். தன் கணக்கை முந்தக்கூடிய ஒரே ஆளைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். எனக்கு ரிக்தோஃபனிடம் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

மூன்றடுக்கு விமானத்தில் என்ன விசேஷம்?

1917 ஆகஸ்ட் 28 அன்று ஃபோக்கர் எஃப்.1 என்ற இரண்டு முன்மாதிரிகள் முனைக்கு வந்தன. 102/17 ரிக்தோஃபனுக்கு, 103/17 வோஸுக்கு. மூன்று அடுக்கு இறக்கை, சின்ன உடல், மிகக் குறைந்த எடை. நேராக ஓடினால் வேகம் குறைவுதான். ஆனால் செங்குத்தாக ஏறும், நின்ற இடத்தில் திரும்பும். வாலில் நிலையான செங்குத்துத் தகடு கிடையாது, திருப்பும் சுக்கான் மட்டுமே. அதனால் விமானத்தைச் சாய்க்காமலேயே மூக்கைச் சட்டென்று பக்கவாட்டில் வெட்டித் திருப்பலாம். மற்றவர்களுக்கு இது ஆபத்தான குணம், வோஸுக்கு வரம்.

103/17இல் இருந்தது கைப்பற்றப்பட்ட லெ ரோன் என்ற சுழல் என்ஜின். சிலிண்டர்கள் எல்லாம் சுழலியோடு சேர்ந்து சுற்றும் வகை இது. அதற்கு ஊற்ற வேண்டியது விளக்கெண்ணெய்! பெட்ரோலோடு எளிதில் கலக்காத, சூட்டைத் தாங்கும் எண்ணெய் அதுதான். எரிந்த விளக்கெண்ணெய் புகையாக விமானியின் முகத்தில் அடிக்கும், அவர்கள் வயிறு படும் பாடு தனிக்கதை. கடல் முற்றுகையால் ஜெர்மனிக்கு ஆமணக்கு வருவது தடைபட்டு, மாற்று எண்ணெய்களோடு மல்லாடியது.

என்ஜின் மூடியின் இரண்டு காற்றுத் துளைகளைக் கண்களாக்கி, புருவமும் மீசையும் வைத்து ஒரு முகம் வரையச் செய்தார் வோஸ். ஜப்பானியப் பட்டங்களில் வரும் முகம் போல இருக்கும். இந்த விமானத்தில் செப்டம்பர் 3 முதல் 11 வரை ஒன்பது வெற்றிகள், அதில் மூன்று ஒரே நாளில். ரிக்தோஃபனுக்கு வந்த 102/17இல் பறந்த சக விமானி குர்ட் வோல்ஃப் செப்டம்பர் 15 அன்று கொல்லப்பட்டார்.

1917 செப்டம்பர் 23 அன்று என்ன நடந்தது?

கீழே தரையில், பெல்ஜியத்தில் நடந்த மூன்றாம் ஈப்ர் சண்டையின் நடுக்கட்டம். காலையில் வோஸ் ஒரு பிரிட்டிஷ் டி.எச்.4 விமானத்தை வீழ்த்தினார், 48ஆவது. அன்று தம்பிகள் இருவரும் அவரைப் பார்க்க வந்திருந்தார்கள். சேர்ந்து சாப்பிட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் அவரைப் பார்த்தவர்கள் நரம்பெல்லாம் தளர்ந்த ஆள் போல இருந்தார் என்கிறார்கள். ரிக்தோஃபன் அப்போது விடுப்பில் இருந்தார்.

மாலை ஆறு மணிக்குக் கிளம்பினார். கூட வந்தவர்கள் பின்தங்கிவிட்டார்கள். ஏறும் வேகத்தில் மூன்றடுக்கோடு யாரும் ஈடுகொடுக்க முடியாது. முதலில் பிரிட்டிஷ் 60ஆம் படையின் இரண்டு எஸ்.இ.5 விமானங்களைத் தாக்கி இரண்டையும் சேதப்படுத்தி விரட்டினார். அதை மேலிருந்து பார்த்தது 56ஆம் படை. அதன் தலைவர்களில் ஒருவர் ஜேம்ஸ் மெக்கடன். கூட ஆர்தர் ரீஸ் டேவிட்ஸ், மஸ்பிராட், குரோனின், போமன், ஹாய்ட்ஜ், மேபரி. பிரிட்டிஷ் படையின் மிகத் தேர்ந்த விமானிகளில் ஏழு பேர், வேகமான எஸ்.இ.5ஏ விமானங்களில்.

மெக்கடனும் ரீஸ் டேவிட்ஸும் ஆளுக்கொரு பக்கமாகப் பாய்ந்தார்கள். வோஸ் ஓடவில்லை. சாயாமல், வளையாமல், மூக்கை அப்படியே திருப்பித் தன் பின்னால் வந்தவர்களையே சுட்டார். போமன் ஒரு கணம் அவரைக் குறிக்குள் கொண்டுவந்துவிட்டதாக நினைத்தார். வோஸ் சுக்கானை முழுவதும் உதைத்து, பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே அவரைச் சுட்டுவிட்டு, மறுபக்கம் உதைத்துத் தப்பினார். குரோனினின் விமானம் நொறுங்கிய நிலையில் விலகியது. மஸ்பிராட்டின் ரேடியேட்டரில் குண்டு, அவரும் இறங்க வேண்டியதாயிற்று. அநேகமாக எல்லா விமானங்களிலும் துளைகள். நடுவில் ஓர் அல்பட்ரோஸ் வந்து சிறிது நேரம் வோஸுக்குத் துணை நின்றது, பிறகு அதுவும் இல்லை. ஒரு கட்டத்தில் ஐந்து எதிரிகளின் குண்டுகள் வந்து சேரும் புள்ளியில் அவர் இருந்ததாக மெக்கடன் எழுதினார்.

ஏறக்குறைய பத்து நிமிடம். பிறகு மூன்றடுக்கு திடீரென்று திருப்பங்கள் இல்லாமல் மேற்கு நோக்கி நேராகச் சென்றது. விமானி அடிபட்டிருக்க வேண்டும். ரீஸ் டேவிட்ஸ் பின்னாலிருந்து நீண்ட நேரம் சுட்டார். என்ஜின் நின்று, விமானம் ஃபிரெசன்பெர்குக்கு வடக்கே பிரிட்டிஷ் பகுதிக்குள் விழுந்து தூள்தூளானது.

தப்பித்திருக்க முடியாதா?

முடிந்திருக்கும். ஏறும் திறனில் எதிரிகளைவிட அவர் விமானமே மேல். மேகத்துக்குள் போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்பதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்கிறார்கள். பெரும் எண்ணிக்கை ஆசை, துணைக்கு ஆள் வரும் என்ற நம்பிக்கை, களைப்பில் வந்த கணிப்புப் பிழை. நான் மூன்றாவதின் பக்கம் சாய்கிறேன். இவ்வளவு நேரம் நின்று சண்டை போடுவதை போல்கே ஒப்பவே மாட்டார். நான்கு மாதங்களுக்கு முன் வால்ஸ் களைத்துவிட்டார் என்று புகார் சொன்ன அதே இளைஞர், தன் களைப்பைத் தானே உணராத நிலைக்கு வந்திருந்தார். அதைக் கண்டு அவரைத் தரையிறக்கி வைத்திருக்க வேண்டியது மேலிடம். 1917இல் எந்த நாட்டு மேலிடமும் வெற்றி தரும் பையனை அப்படி நிறுத்தி வைக்கவில்லை.

பாராசூட் இருந்திருந்தால்?

அப்போது விமானிகளிடம் பாராசூட் இல்லை. ஜெர்மன் விமானிகளுக்கு வந்ததே 1918இல்தான். வோஸ் விஷயத்தில் அது உதவியிருக்காது, குண்டு அவர் உடலிலேயே பட்டிருந்தது.

அவரை வீழ்த்திய ரீஸ் டேவிட்ஸ் யார்? இலங்கைத் தொடர்பு உண்டாமே?

உண்டு. ஆர்தரின் அப்பா தாமஸ் வில்லியம் ரீஸ் டேவிட்ஸ். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இலங்கையில் சிவில் அதிகாரியாக இருந்தபோது பாலி மொழியைக் கற்றவர், 1881இல் லண்டனில் பாலி நூற்கழகத்தைத் தொடங்கியவர். அம்மா கரோலினும் பாலி அறிஞர். பௌத்த நூல்களை ஆங்கிலத்தில் படித்த யாரும் இந்தப் பெயரைக் கடக்காமல் இருக்க முடியாது. அவர்கள் மகன் ஈட்டன் பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் படித்தவர். வோஸுடன் மோதியபோது வயது பத்தொன்பது, இருபது நிறைய இன்னும் மூன்றே நாள்.

வாழ்த்தியவர்களிடம், அவரை உயிரோடு இறக்கியிருக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று வருந்தினார். யாரை வீழ்த்தினோம் என்பதே அன்றிரவு அவர்களுக்குத் தெரியாது. உணவு மேசையில் ரிக்தோஃபனா, வோல்ஃபா, வோஸா என்று பேசிக்கொண்டார்கள். மறுநாள் செய்தி வந்தது. தான் பார்த்த ஜெர்மன் விமானிகளிலேயே மிகத் துணிச்சலானவர் இவர்தான் என்று மெக்கடன் எழுதி வைத்தார்.

ரீஸ் டேவிட்ஸ் அக்டோபர் 27 அன்று கொல்லப்பட்டார். மேபரி டிசம்பரில். மஸ்பிராட் அடுத்த மார்ச்சில், சோதனை ஓட்டத்தில். மெக்கடன் 1918 ஜூலையில், விபத்தில். மகனை இழந்த கரோலின் ஆவிகளோடு பேச முயலும் வழிகளில் இறங்கினார், அவருடைய பிற்கால ஆய்வுகளிலும் அதன் நிழல் விழுந்தது.

வோஸின் கல்லறை எங்கே?

இல்லை. பிரிட்டிஷ் வீரர்கள் விழுந்த இடத்துக்கு அருகிலேயே புதைத்தார்கள். பின்னர் நடந்த பீரங்கிச் சண்டையில் அந்த மண் முழுவதும் புரண்டுவிட்டது. பெயர் மட்டும் பெல்ஜியத்தின் லாங்கமார்க் ஜெர்மன் போர்க் கல்லறையில் இருக்கிறது. பெர்லினில் டெம்பல்ஹோஃப் பகுதியில் ஒரு சாலைக்கு அவர் பெயர்.

அவர் விமானத்தை இன்று பார்க்க முடியுமா?

அசல் 103/17 சிதைந்து போனது. அந்த முன்மாதிரியிலிருந்து பிறந்த ஃபோக்கர் டி.ஆர்.1 வகையில் சுமார் 320 கட்டினார்கள். 1917 அக்டோபர் இறுதியில் மேல் இறக்கை பிய்ந்து அடுத்தடுத்து விமானிகள் இறந்ததால் சில வாரங்கள் நிறுத்தி வைத்து, இறக்கையைச் சரிசெய்து மீண்டும் அனுப்பினார்கள். 1918 ஏப்ரல் 21 அன்று ரிக்தோஃபன் இறந்ததும் ஒரு டி.ஆர்.1இல்தான். அந்த வகையில் ஒரு அசல் விமானம்கூட இன்று முழுதாக மிஞ்சவில்லை. அருங்காட்சியகங்களிலும் விமானக் காட்சிகளிலும் இருப்பவை எல்லாம் பிற்காலத்தில் கட்டிய பிரதிகள். மீசை வைத்த முகத்தோடு ஒன்றைப் பார்த்தால், அது வோஸின் விமானத்தைப் பார்த்துச் செய்தது.